சேமிக்க மறுக்கும் படிவம்: பிழையைத் தேடுவது எப்படி?

எமிஸ் தளத்தில் விவரங்களைப் பதிவேற்றுவதோடு பள்ளியின் தரவுப் பணி முடிந்துவிடுவதில்லை. மாணவர் சேர்க்கை, மதிப்பெண், நூலகப் புத்தகங்கள், விலையில்லாப் பொருள்கள், மாற்றுச் சான்றிதழ் எனப் பலவற்றுக்கும் பள்ளிகள் தமக்கென்று சிறு தரவுத்தளங்களை வைத்துக்கொள்கின்றன. கணினியில் ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் மைக்ரோசாஃப்ட் அக்சஸிலோ லிப்ரே ஆஃபிஸ் பேஸிலோ அதை அமைத்துக் கொடுத்திருப்பார். அவர் பணிமாறுதலில் சென்ற பிறகு ஒரு நாள் படிவம் பதிவைச் சேமிக்க மறுக்கும். திரையில் ஓர் எண்ணும் ஆங்கிலத்தில் இரண்டு வரியும் தோன்றும். பொத்தானை மறுபடி அழுத்துவோம். பிறகு படிவத்தை மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போவோம். அந்தப் பதிவு என்ன ஆனது?

இந்தக் கேள்வியை எளிதாகக் கடந்துவிட முடியாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அச்சாகும் பிறந்த தேதி ஒரு மாணவரை வாழ்நாள் முழுவதும் தொடரும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவப் படிப்பில் வழங்கப்படும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் ஆகிய இரண்டுக்கும் ஆறாம் வகுப்பு முதல் எங்கே படித்தார் என்ற விவரம் தேவை. பள்ளிப் பதிவில் ஒரு வரி விடுபட்டால் அதன் விளைவு பல ஆண்டுகள் கழித்து ஒரு பிள்ளையின் கைக்கு வந்து சேரும்.

சேமிப்புப் பிழைகளைக் கண்டறிய பெரிய நிரலாளராக இருக்கத் தேவையில்லை. ஒரு பதிவு எந்த வழியாகச் சென்று அட்டவணையில் சேர்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், அது எந்த இடத்தில் தடைபட்டது என்பதைத் தேடிப் பிடித்துவிடலாம். அக்சஸை அடிப்படையாக வைத்து அந்த வழியைப் பார்ப்போம். இங்கே தமிழ் எழுத்தில் தரப்படும் நிகழ்வுப் பெயர்களைப் படிவத்தின் பண்புப் பட்டியலில் ‘ஈவென்ட்’ என்ற பக்கத்தில் ஆங்கிலத்தில் காணலாம்.

ஒரு பதிவின் பயணம்

மயிலாப்பூரில் ஒரு பள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் சேர்க்கைப் படிவத்தில் சேர்க்கை எண், பெயர், பிறந்த தேதி, முகவரி, அஞ்சல் குறியீடு, கைப்பேசி எண் ஆகிய புலங்கள் உள்ளன. கீழே ஒரு துணைப் படிவத்தில் மதிப்பெண்கள் உள்ளன.

புதிய வரியில் முதல் எழுத்தைத் தட்டியதும் ‘பிஃபோர் இன்சர்ட்’ நிகழ்வு நடக்கிறது. அப்போது படிவத்தின் இடது ஓரத்தில் பென்சில் குறி தோன்றும். ‘எழுதிக்கொண்டிருக்கிறோம், இன்னும் பதிவேட்டில் ஏறவில்லை’ என்பது அதன் பொருள். ஒவ்வொரு புலத்தையும் நிரப்பிவிட்டு அடுத்ததற்கு நகரும்போது அந்தப் புலத்துக்குரிய ‘பிஃபோர் அப்டேட்’, அதைத் தொடர்ந்து ‘ஆஃப்டர் அப்டேட்’ நிகழ்கின்றன. எல்லாம் நிரப்பி முடித்துப் பதிவைச் சேமிக்க முனையும்போது படிவத்துக்குரிய ‘பிஃபோர் அப்டேட்’ நிகழ்கிறது. அதில் தடை இல்லையென்றால் அட்டவணை தன் விதிகளைச் சரிபார்க்கிறது. அதையும் தாண்டினால்தான் பதிவு சேமிக்கப்படுகிறது. அதன் பின்னரே படிவத்துக்குரிய ‘ஆஃப்டர் அப்டேட்’, புதிய பதிவாக இருந்தால் ‘ஆஃப்டர் இன்சர்ட்’ ஆகியவை நடக்கின்றன. பென்சில் குறியும் மறைகிறது.

ஆக, இரண்டு வாயில்கள் உள்ளன. முதலாவது, நாம் நிரல் எழுதும் படிவத்தின் ‘பிஃபோர் அப்டேட்’. இரண்டாவது, அட்டவணையின் விதிகள். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் எஸ்கியூஎல் பகுதியில் நாம் நடத்தும் கட்டுப்பாடுகள்தாம் இந்த இரண்டாம் வாயிலில் நிற்கின்றன: மதிப்பு மீண்டும் வரக்கூடாது, வெற்றாக இருக்கக்கூடாது, குறித்த வரம்புக்குள் இருக்க வேண்டும்.

சரிபார்ப்பை எங்கே எழுதுவது?

பிறந்த தேதி விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கும் நிரலைச் ‘சேமி’ பொத்தானுக்குள் மட்டும் எழுதி வைப்பது பரவலாகக் காணப்படும் தவறு. அக்சஸ் படிவத்தில் பதிவைச் சேமிக்க அந்தப் பொத்தானை அழுத்தியே ஆக வேண்டும் என்பதில்லை. அடுத்த மாணவருக்கு நகர்ந்தாலும், துணைப் படிவத்தில் சொடுக்கினாலும், படிவத்தை மூடினாலும் பதிவு தானாகச் சேமிக்கப்படும். பொத்தானில் நிற்கும் காவலரைத் தாண்டாமலே பதிவு பின்வாசல் வழியாக உள்ளே போய்விடும்.

‘ஆஃப்டர் அப்டேட்’ நிகழ்வில் சரிபார்ப்பதும் பயனற்றது. அப்போது பதிவு ஏற்கெனவே அட்டவணையில் ஏறியிருக்கும். சரிபார்ப்புக்கு உரிய இடம் படிவத்தின் ‘பிஃபோர் அப்டேட்’ ஒன்றே. குறை இருந்தால் அங்கே ‘கேன்சல்’ என்பதற்கு ‘ட்ரூ’ என்ற மதிப்பைக் கொடுத்து, குறையுள்ள புலத்துக்குக் குறிமுனையைக் கொண்டுசென்றால் போதும். எந்த வழியில் சேமிக்க முயன்றாலும் இந்தத் தடையைத் தாண்டியே தீர வேண்டும்.

வெற்றுப் புலத்தைச் சோதிக்கும்போது ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. எதுவுமே இடப்படாத ‘நல்’ நிலை வேறு, எழுத்தே இல்லாத வெற்றுச் சரம் வேறு. எக்செல் கோப்பிலிருந்து ஒட்டப்பட்ட தரவில் இரண்டாவது வகை கலந்து வருவதுண்டு. ‘நல்’ நிலையை மட்டும் சோதிக்கும் நிரல் அதைப் பெயர் உள்ள பதிவாகவே எண்ணிக்கொள்ளும். புலத்தோடு ஒரு வெற்றுச் சரத்தை இணைத்து, அதன் நீளம் பூச்சியமா என்று பார்த்தால் இரண்டு நிலைகளும் ஒருசேரப் பிடிபடும்.

பிழை எண் சொல்லும் சேதி

பிழைப் பெட்டியில் தெரியும் எண்ணைக் குறித்துக்கொள்வது பாதித் தீர்வுக்குச் சமம். பள்ளித் தரவுத்தளங்களில் வரக்கூடிய சில எண்களையும் அவற்றின் காரணங்களையும் பார்ப்போம்.

3022: ஒரே மதிப்பு இரண்டு முறை வருகிறது என்பது இதன் பொருள். சூன் மாதச் சேர்க்கையின்போது இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் பதிவு நடக்கிறது. ‘இருப்பதிலேயே பெரிய சேர்க்கை எண்ணுடன் ஒன்றைக் கூட்டு’ என்ற நிரல் ‘பிஃபோர் இன்சர்ட்’ நிகழ்வில் எழுதப்பட்டிருக்கிறது. முதல் எழுத்தைத் தட்டிய கணமே இரண்டு கணினிகளும் 1246 என்ற எண்ணை எடுத்துக்கொள்கின்றன. முதலில் சேமித்தவருக்கு எண் கிடைக்கிறது. அடுத்தவருக்கு 3022 வருகிறது. எண் வழங்கும் நிரலைப் படிவத்தின் ‘பிஃபோர் அப்டேட்’ நிகழ்வில், எல்லாச் சரிபார்ப்புக்கும் பிறகு கடைசி வரியாக வைத்தால் இந்த மோதல் பெரிதும் குறையும். அப்படியும் 3022 வந்தால் எண்ணை மீண்டும் கணக்கிட்டுச் சேமிக்கச் செய்யலாம். பிழை வருகிறதே என்று அட்டவணையில் ‘மறுபடி வரக்கூடாது’ என்ற விதியை நீக்கிவிட்டால் பிழைப் பெட்டி வராது. ஒரே சேர்க்கை எண்ணில் இரண்டு பிள்ளைகள் இருப்பார்கள்.

3314, 3058: கட்டாயப் புலம் ஒன்று வெற்றாக இருக்கிறது என்பது முதல் எண்ணின் பொருள். முதன்மைத் திறவுகோலாக உள்ள புலமே வெற்றாக இருக்கிறது என்பது இரண்டாவது. எண் வழங்கும் நிரல் ஓடவே இல்லை என்றாலும் 3058 வரும்.

3201: பெற்றோர்ப் பதிவு இல்லாமல் பிள்ளைப் பதிவு சேர்கிறது. இங்கே பெற்றோர் என்பது மாணவர் அட்டவணை. பிள்ளை என்பது மதிப்பெண் அட்டவணை. புதிய மாணவரைச் சேர்க்கும்போதே ஐந்து பாடங்களுக்கும் வெற்று மதிப்பெண் வரிகளை உருவாக்கும் நிரலைச் சிலர் ‘பிஃபோர் இன்சர்ட்’ நிகழ்வில் எழுதிவிடுவார்கள். அப்போது மாணவர் இன்னும் அட்டவணையில் சேரவில்லை. அந்த நிரலை ‘ஆஃப்டர் இன்சர்ட்’ நிகழ்வுக்கு மாற்றினால் சிக்கல் தீரும்.

2115: ஒரு புலத்தின் ‘பிஃபோர் அப்டேட்’ நிகழ்வில் அதே புலத்தின் மதிப்பை மாற்ற முயன்றால் இது வரும். பெயரின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை நீக்கும் நிரல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ‘பிஃபோர் அப்டேட்’ என்பது ஏற்பதா மறுப்பதா என்று தீர்மானிக்கும் இடம். திருத்தும் வேலையை அந்தப் புலத்தின் ‘ஆஃப்டர் அப்டேட்’ நிகழ்வில் செய்ய வேண்டும்.

2113: புலத்தின் வகைக்குப் பொருந்தாத மதிப்பு. இதற்கான எடுத்துக்காட்டு நம் முகவரியிலேயே இருக்கிறது. மயிலாப்பூரின் அஞ்சல் குறியீடு 600004, தியாகராய நகருக்கு 600017, அடையாற்றுக்கு 600020. எண் புலத்தின் அளவு ‘இன்டிஜர்’ என்று இருந்தால் அது தாங்கக்கூடிய உச்ச மதிப்பு 32,767 மட்டுமே. சென்னையின் எந்த அஞ்சல் குறியீடும் அதில் அடங்காது. ‘லாங் இன்டிஜர்’ ஆக்கினால் 2,147,483,647 வரை செல்லலாம். அஞ்சல் குறியீட்டுக்கு அது போதும். கைப்பேசி எண்ணுக்கோ 12 இலக்க ஆதாருக்கோ 11 இலக்க யூடைஸ் குறியீட்டுக்கோ போதாது. சென்னைப் பள்ளிகளின் யூடைஸ் குறியீடு மாநிலத்துக்குரிய 33, மாவட்டத்துக்குரிய 02 ஆகியவற்றோடு தொடங்குகிறது. மொத்த எண் 3,302 கோடியைத் தாண்டும். கூட்டவோ கழிக்கவோ தேவையில்லாத எண்கள் அனைத்தையும் உரைப் புலமாக வைப்பதே முறை. நிரலில் இதே தவறு நேர்ந்தால் ‘ஓவர்ஃப்ளோ’ என்னும் 6-ஆம் எண் பிழையாக வரும்.

7787: நாம் திருத்திக்கொண்டிருக்கும் பதிவை வேறொருவர் மாற்றிவிட்டார் என்கிறது. அறையில் நம்மைத் தவிர யாருமே இல்லாதபோதும் இது வரலாம். படிவத்தில் பென்சில் குறி இருக்கும்போதே, ஒரு பொத்தானுக்குள் உள்ள நிரல் அதே மாணவரின் வரியை வினவல் மூலம் மாற்றினால், அக்சஸின் கண்ணுக்கு அந்த நிரல்தான் ‘வேறொருவர்’. முதலில் படிவத்தைச் சேமித்து, பிறகு வினவலை இயக்கி, அதன் பின் படிவத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

2501: ஒரு செயல் இடையில் கைவிடப்பட்டது என்னும் அறிவிப்பு இது. நிரல் வழியாகச் சேமிக்கக் கட்டளையிட்டு, ‘பிஃபோர் அப்டேட்’ அதைத் தடுத்தால் வரும். தடுப்பு சரியாக வேலை செய்கிறது என்பதற்கு இது அடையாளம். இந்த எண்ணை மட்டும் காட்டாமல் விடும்படி நிரல் எழுதலாம்.

பேசாத பிழைகள்

மேலே கண்டவை எல்லாம் வாய்விட்டுச் சொல்லும் பிழைகள். தொந்தரவு தந்தாலும் அவற்றால் தரவுக்குக் கேடு இல்லை. எந்தப் பெட்டியும் தோன்றாமல், சேமித்துவிட்டோம் என்ற நம்பிக்கையை மட்டும் தந்துவிட்டுப் பதிவை விட்டுவிடும் நிரல்தான் ஆபத்தானது. அந்த நிலை தானாக வருவதில்லை. பிழைப் பெட்டி எரிச்சலூட்டுகிறது என்று யாரோ அதன் வாயை அடைத்திருப்பார்கள். நிரலில் முதலில் தேட வேண்டிய ஐந்து இடங்கள் இவை.

முதலாவது, ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ என்ற வரி. பிழை வந்தால் அதைப் பொருட்படுத்தாமல் அடுத்த வரிக்குப் போ என்பது அதன் கட்டளை. சேமிக்கும் வரி தோற்றாலும் அடுத்த வரியில் உள்ள ‘பதிவு சேமிக்கப்பட்டது’ என்ற செய்தி தவறாமல் தோன்றும்! சேமிப்பு நடக்கும் நிரலில் இந்த வரிக்கு இடமே இல்லை. பிழை நேர்ந்தால் அதன் எண்ணையும் விளக்கத்தையும் காட்டும் பகுதிக்குச் செல்லும்படி மாற்றுங்கள்.

இரண்டாவது, எச்சரிக்கைகளை நிறுத்தும் ‘செட் வார்னிங்ஸ்’ கட்டளை. வினவலை இயக்கும் முன் இதை நிறுத்தி, பிறகு மீண்டும் இயக்குவது வழக்கம். இடையில் பிழை வந்து நிரல் நின்றுபோனால், மீண்டும் இயக்கும் வரி ஓடுவதே இல்லை. அக்சஸை மூடும் வரை எல்லா எச்சரிக்கைகளும் ஊமையாகிவிடும். இதற்குப் பதில் ‘எக்ஸிக்யூட்’ கட்டளையைப் பயன்படுத்தலாம். ஆனால் அதனுடன் ‘டிபி ஃபெயில் ஆன் எரர்’ என்ற குறிப்பைச் சேர்ப்பது கட்டாயம். சேர்க்காவிட்டால் 40 வரிகளில் 3 வரிகள் விதிமீறலால் விடுபட்டாலும் அது வாய் திறக்காது. எத்தனை வரிகள் மாறின என்பதை ‘ரெக்கார்ட்ஸ் அஃபெக்டட்’ சொல்லும். அந்த எண்ணிக்கையைத் திரையில் காட்டச் செய்யுங்கள்.

மூன்றாவது, ‘மூடு’ பொத்தான். சாளரத்தின் மூலையில் உள்ள பெருக்கல் குறியால் மூடினால், சேமிக்க முடியாத பதிவைப் பற்றி அக்சஸ் கேட்கும். நிரலில் உள்ள ‘க்ளோஸ்’ கட்டளையால் மூடும்போது, கட்டாயப் புலம் வெற்றாக இருப்பது போன்ற காரணத்தால் சேமிக்க முடியாத பதிவு எந்த எச்சரிக்கையும் இன்றித் தொலைந்துபோகலாம். அந்தக் கட்டளையுடன் ‘சேவ் எஸ்’ என்று சேர்த்தால் பதிவு சேமிக்கப்படும் என்று பலர் நம்புகிறார்கள். அது படிவத்தின் வடிவமைப்பைச் சேமிப்பது பற்றியது. அதற்கும் பதிவுக்கும் தொடர்பில்லை. மூடும் வரிக்கு முன்னால், படிவம் ‘டர்ட்டி’ நிலையில் உள்ளதா என்று பார்த்து, இருந்தால் அந்தப் பண்பை ‘ஃபால்ஸ்’ ஆக்கும் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். அது பதிவைச் சேமிக்க வைக்கும். முடியாவிட்டால் பிழையை எழுப்பும். படிவமும் மூடாமல் நிற்கும்.

நான்காவது, படிவத்தின் ‘ஆன் எரர்’ நிகழ்வு. பயனர் அடுத்த பதிவுக்கு நகரும்போது அட்டவணை மறுத்தால் பிழை இங்கேதான் வரும். பிழை எண்ணை ‘டேட்டா எரர்’ என்ற மாறியிலிருந்து எடுக்க வேண்டும். வழக்கமான ‘எரர்’ பொருளில் அது இருக்காது. 3022 வந்தால் ‘இந்தச் சேர்க்கை எண் ஏற்கெனவே உள்ளது’ என்று நம் சொற்களில் சொல்லிவிட்டு அக்சஸின் பெட்டியை மறைப்பது நல்ல பயன்பாடு. எல்லா எண்களையும் எந்தச் சொல்லும் இன்றி மறைத்துவிடுவது கேடு. தெரிந்த எண்களுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். மற்றவற்றை அக்சஸே காட்டட்டும்.

ஐந்தாவது, தேதி. நிரலுக்குள் எஸ்கியூஎல் வாக்கியமாக எழுதப்படும் தேதியை அக்சஸ் முதலில் மாதம், பிறகு நாள் என்ற வரிசையில் படிக்கிறது. நம் வழக்கமோ முதலில் நாள். 2014 சூன் 5 அன்று பிறந்த பிள்ளைக்கு 05/06/2014 என்று அனுப்பினால் மே 6 என்று பதிவாகும். அதே மாதம் 25-ஆம் தேதி பிறந்த பிள்ளைக்குச் சரியாகவே பதிவாகும். ஏனெனில் 25 என்றொரு மாதம் இல்லை. நாள் 12-க்குள் இருந்து, நாளும் மாதமும் வேறாக இருக்கும் பிள்ளைகளின் தேதி மட்டும் மாறும். பத்துப் பேரைச் சோதித்துச் ‘சரியாக இருக்கிறது’ என்று முடிவெடுத்தவர் இதைக் கவனித்திருக்க வாய்ப்பில்லை. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வடிவமைத்து அனுப்பினால் குழப்பம் தீரும்.

தமிழில் பதிவு செய்யும்போது

அக்சஸ் அட்டவணையும் படிவமும் யூனிகோடு தமிழைச் சிக்கலின்றி ஏற்கும். நிரல் எழுதும் சாளரம் ஏற்காது. அதில் தமிழில் தட்டிய செய்தி வெறும் கேள்விக்குறிகளாக மாறிவிடும். தரவு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். ‘பிறந்த தேதியை நிரப்பவும்’ போன்ற அறிவிப்புகளைப் படிவத்திலேயே சிவப்பு நிறத்தில் ஒரு லேபிளாக வைத்து மறைத்துவிடுங்கள். குறை இருக்கும்போது அதைத் தெரியும்படி செய்ய நிரலில் ஒரு வரி போதும். அறிவிப்புகளை ஓர் அட்டவணையில் சேமித்து அங்கிருந்து எடுத்துக் காட்டுவது இன்னொரு வழி.

பெயர்களில் ஒரு கண்கட்டு வித்தை நடப்பதுண்டு. ‘கௌசல்யா’ என்பதில் உள்ள ‘கௌ’ ஒரே உயிர்மெய். அதையே ‘கெ’ என்ற எழுத்துக்குப் பின் ‘ள’ என்ற எழுத்தைத் தட்டி ‘கெளசல்யா’ என்று எழுதினாலும் திரையில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். பெயரை வைத்து ‘ஏற்கெனவே உள்ளாரா’ என்று தேடும் நிரல் இல்லை என்று சொல்லிவிடும். ஒரே மாணவி இரு முறை பதிவாவார். இரட்டைப் பதிவைத் தடுக்கப் பெயரை மட்டும் நம்பாமல், பிறந்த தேதியையும் கைப்பேசி எண்ணையும் சேர்த்து ஒப்பிடுவது நல்லது.

ஊர்ப் பெயருக்கும் இது பொருந்தும். தியாகராய நகர், தி. நகர், டி. நகர் மூன்றும் நமக்கு ஓரிடம். மயிலாப்பூர், மைலாப்பூர் இரண்டும் அப்படியே. தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி அமைத்து, அஞ்சல் குறியீட்டையும் அதனுடன் இணைத்துவிட்டால், பகுதிவாரியாக மாணவர் எண்ணிக்கை எடுக்கும்போது கணக்கு உதைக்காது.

தேடும் முறை

பிழை வந்ததும் நிரலைத் திருத்தத் தொடங்க வேண்டாம். முதலில் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, நகலிலேயே சோதனை செய்யுங்கள். அதன்பின் கீழ்க்காணும் வரிசையில் செல்லலாம்.

1. பிழை எண்ணையும், என்ன செய்தபோது வந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தியபோதா, அடுத்த பதிவுக்கு நகர்ந்தபோதா, மூடியபோதா என்பது முக்கியம்.

2. நிரல் ஓடுகிறதா என்று பாருங்கள். கோப்பை வேறு கணினிக்கு மாற்றிய பிறகு மேலே மஞ்சள் பட்டை தோன்றினால், பாதுகாப்புக்காக நிரல்கள் நிறுத்தப்பட்டுள்ளன என்று பொருள். நிகழ்வுக்கு எதிரே ‘ஈவென்ட் ப்ரொசீஜர்’ என்ற சொல் இல்லாமல் வெற்றாக இருந்தாலும், எழுதிய நிரல் ஓடாது.

3. அதே விவரங்களைப் படிவத்தை விட்டுவிட்டு நேரடியாக அட்டவணையில் தட்டிப் பாருங்கள். அட்டவணையும் மறுத்தால் சிக்கல் விதியிலோ மதிப்பிலோ உள்ளது. அட்டவணை ஏற்றுக்கொண்டால் சிக்கல் நிகழ்வு நிரலில் உள்ளது. தேட வேண்டிய பரப்பு இந்த ஒரு சோதனையிலேயே பாதியாகிவிடும்.

4. நிரலில்தான் சிக்கல் என்றால், நகலில் நிகழ்வுகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். எதை நிறுத்தியதும் பதிவு ஏறுகிறதோ, அங்கே தேடுங்கள்.

5. அந்த நிரலின் முதல் வரியில் எஃப்9 விசையால் நிறுத்தப்புள்ளி வைத்து, எஃப்8 விசையால் வரிவரியாக நகருங்கள். கன்ட்ரோல், ஜி விசைகளைச் சேர்த்து அழுத்தினால் திறக்கும் சாளரத்தில் கேள்விக்குறி இட்டு மாறியின் பெயரைத் தட்டினால், அந்தக் கணத்தில் அதன் மதிப்பு என்ன என்று தெரியும்.

உதவி கேட்டுக் கோப்பை வாட்ஸ்அப் குழுவில் பகிரும் பழக்கத்தைத் தவிர்க்க வேண்டும். அதில் பிள்ளைகளின் பெயர், முகவரி, ஆதார் எண் எல்லாம் இருக்கும். அட்டவணையைக் காலிசெய்துவிட்டு, கற்பனைப் பெயர்கள் மூன்றை இட்டு அனுப்பினாலும் பிழை அப்படியே தெரியும்.

லிப்ரே ஆஃபிஸ் பேஸ் பயன்படுத்துவோர்க்கு

நிகழ்வுகளின் பெயர் சற்று மாறினாலும் வழி ஒன்றுதான். சேமிப்புக்கு முன் நடப்பது ‘பிஃபோர் ரெக்கார்ட் ஆக்‌ஷன்’, பின் நடப்பது ‘ஆஃப்டர் ரெக்கார்ட் ஆக்‌ஷன்’. முந்தையதில் நம் செயற்கூறு ‘ஃபால்ஸ்’ என்று திருப்பி அனுப்பினால் சேமிப்பு தடுக்கப்படும். இந்த நிகழ்வு ஒரு சேமிப்புக்கு இரண்டு முறை அழைக்கப்படுவதால், எண் வழங்கும் நிரலை அப்படியே எழுதினால் எண் இரண்டு கூடும். அழைப்பது படிவமா அதன் கட்டுப்படுத்தியா என்று பார்த்து, ஒரு முறை மட்டும் செயல்பட வைக்க வேண்டும். தரவு பேஸ் கோப்புக்குள்ளேயே இருந்தால், படிவத்தில் பதிவைச் சேமித்ததோடு நிற்காமல் பேஸின் முதன்மைச் சாளரத்திலும் ஒரு முறை சேமித்துவிடுங்கள். மின்தடை வந்தால் அந்த ஒரு சொடுக்கு அன்றைய உழைப்பைக் காக்கும்.

பயன்பாட்டுக்கு முன் ஆறு சோதனைகள்

திருத்திய படிவத்தை அலுவலகத்துக்குக் கொடுக்கும் முன் இவற்றைச் செய்து பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குச் செய்முறைப் பயிற்சியாகவும் இவற்றைக் கொடுக்கலாம். பாடத்தில் படித்த கட்டுப்பாடுகள் எதற்காக இருக்கின்றன என்பது அவர்களுக்குக் கண்ணெதிரே தெரியும்.

பெயரை நிரப்பாமல் அடுத்த பதிவுக்கு நகருங்கள். படிவம் தடுக்க வேண்டும். இருக்கும் சேர்க்கை எண்ணையே மீண்டும் இடுங்கள், மறுக்க வேண்டும். 05/06/2014 என்ற தேதியை இட்டு, அட்டவணையில் மாதம் எது என்று பாருங்கள். அஞ்சல் குறியீட்டில் 600020 என்றும், கைப்பேசிக்குப் பத்து இலக்கங்களும் இடுங்கள், ஏற்க வேண்டும். பாதி நிரப்பிய நிலையில் ‘மூடு’ பொத்தானை அழுத்துங்கள். படிவம் மூடாமல் காரணம் சொல்ல வேண்டும். இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் இரண்டு சேர்க்கைகளைத் தொடங்கிச் சேமியுங்கள்; இரண்டுக்கும் வெவ்வேறு எண் கிடைக்க வேண்டும்.

ஆறிலும் தேறிய படிவத்தையே பயன்பாட்டுக்கு விட வேண்டும். அதன் பிறகும் சேர்க்கைக் காலத்தில் ஒவ்வொரு நாள் மாலையும், சேர்க்கைப் பதிவேட்டில் அன்று எழுதிய பெயர்களின் எண்ணிக்கையையும் அட்டவணையில் அன்று கூடிய வரிகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் அந்தப் பெற்றோரின் கைப்பேசி எண் அன்றைய விண்ணப்பத்தில் இருக்கும். அன்று மாலையே கேட்டுச் சரிசெய்துவிடலாம். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் வேளையில் கண்டுபிடித்தால், அந்தக் குடும்பம் சான்றுகளைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.